மருதூர் அரண்மனை – 9: தஞ்சைக்கு வந்த பிரெஞ்சுக் கண்

துளஜா மன்னர் 1787-ல் இறந்தார். அவர் தத்தெடுத்திருந்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜி ஒதுக்கப்பட்டு, துளஜாவின் மாற்றாந்தாய் மகனான அமர்சிங் தஞ்சை அரியணையில் ஏறினார். சென்ற இதழ் அந்த இடத்தில் நின்றது. இந்த அமர்சிங்தான் பின்னாளில் பதவி போய்த் திருவிடைமருதூருக்கு வந்து அரண்மனை கட்டிக்கொண்டு குடியேறியவர். அவர் இங்கே வந்து சேர இன்னும் சில இதழ்கள் ஆகும். அதற்கு முன் அவருடைய ஆட்சியில் தஞ்சைக்கு வந்துபோன இரண்டு ஓவியர்களைப் பார்த்துவிட வேண்டும். அவர்களோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்த மூன்றாவது ஆளையும் பார்க்க வேண்டும். அந்த மூன்றாமவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் ரோமாபுரியில் இறந்து அப்போது நூற்றுப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன.

இந்தத் தொடரில் ஓவியர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் உள்ளே ஒரு படம் போடுவார்கள். பெரும்பாலும் அது டேனியல்கள் வரைந்ததாக இருக்கும். கோயில், மரநிழல், மாலை வெயில், ஓரமாக நடந்துபோகும் நாலு பேர். கேமரா இல்லாத காலத்துக்கு இதுதான் சாட்சி என்று நாமும் நம்பிவிடுகிறோம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் வரலாறு எழுதக் கூடாது.

தாமஸ் டேனியல் 1749-ல் பிறந்தவர். லண்டனுக்கு வெளியே செர்ட்ஸி என்ற ஊரில் அவர் அப்பா சத்திரம் நடத்தினார். பையனைக் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசும் ஒருவரிடம் வேலை கற்க விட்டார்கள். அந்தக் காலத்துச் சீமான்களின் வண்டிக் கதவுகளில் குலச்சின்னமும் பூவேலையும் வரைவது நல்ல வரும்படி உள்ள தொழில். அதிலிருந்து மேலே வந்து 1773-ல் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்தார். லண்டனில் நிலக்காட்சி ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை, வாங்குவோருக்குத்தான் பஞ்சம். 1785-ல், அண்ணன் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். வில்லியமுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, பிறந்தது 1769-ல். சீனத்துக் கான்டன் வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது 1786 பிறந்துவிட்டது. அங்கே பிழைப்புக்குப் பழைய படங்களைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். நகரத்தின் காட்சிகளைப் பன்னிரண்டு தகடுகளில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். பிறகு 1788 முதல் மூன்று வருடம் வடஇந்தியா முழுக்கச் சுற்றினார்கள்.

தெற்கே வரப் பணம் வேண்டும். கல்கத்தாவில் தங்கள் எண்ணெய் வர்ண ஓவியங்களைப் பரிசாக வைத்து லாட்டரிச் சீட்டு நடத்தித் திரட்டினார்கள். 1792 மார்ச் கடைசியில் சென்னையில் இறங்கினார்கள். நல்ல நேரம் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்துக் கம்பெனி உடன்படிக்கை எழுதி வாங்கி இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. சாலைகள் திறந்துவிட்டன. ஏப்ரலில் பல்லக்கு, குதிரை, சமையல்காரர், சுமைகூலிகள் சகிதம் கிளம்பினார்கள். ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி, திண்டுக்கல், மதுரை, பாபநாசம், குற்றாலம், கன்னியாகுமரி என்று போய், திரும்பி வரும் வழியில் திருச்சி, தஞ்சை. 1793 ஜனவரியில் மீண்டும் சென்னை. ஆக அவர்கள் தஞ்சைச் சீமையில் கால்வைத்தது 1792-ன் கடைசி மாதங்களில். சம்பாப் பயிர் நிற்கும் காலம்.

இனி அந்த மூன்றாவது ஆள்.

பெயர் கிளாட் ஜெலே. பிரான்சின் கிழக்கோரத்தில் லொரேன் என்ற நாட்டில், ஷாமாஞ் என்ற கிராமத்தில் ஏறத்தாழ 1600-ல் பிறந்தவர். லொரேன் அப்போது பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்படாத தனிச் சிற்றரசு. ஆனாலும் உலகம் அவரைப் பிரெஞ்சு ஓவியர் என்றே எழுதிக்கொண்டது, ஊர்ப்பெயரையே ஆள்பெயராக்கிக் கிளாட் லொரேன் என்று கூப்பிட்டது. பன்னிரண்டு வயது வாக்கில் தாய் தகப்பனை இழந்தார். ரொட்டியும் பேஸ்ட்ரியும் சுடும் தொழில் தெரிந்த பையனாக இத்தாலிக்குப் போனார் என்பார்கள். ரோமில் அகஸ்தினோ தாஸி என்ற ஓவியரின் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, வர்ணம் அரைக்கும் வேலைக்கு மாறி, தூரிகை பிடிக்கும் வேலைக்கு உயர்ந்தார். நடுவில் ஒரு தடவை 1625-ல் சொந்த நாட்டுக்குத் திரும்பி நான்ஸி நகரில் ஓர் ஓவியரிடம் வேலை பார்த்தார். இரண்டே வருடத்தில் ரோமுக்கே திரும்பிவிட்டார். அதன்பின் சாகும்வரை அந்த ஊரை விட்டு அசையவில்லை.

ரோமில் அவர் செய்தது என்ன? விடியுமுன் ஊருக்கு வெளியே உள்ள பொட்டலுக்குப் போவார். பொழுது புலர்வதையும், அந்தியில் வெளிச்சம் வடிவதையும் உட்கார்ந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்து அந்த வெளிச்சத்தைக் குழைத்துத் துணியில் தீட்டுவார். சூரியனையே நேருக்கு நேர் படத்துக்குள் வைத்து, அதிலிருந்தே முழுப் படத்துக்கும் ஒளி வரும்படி துணிந்து வரைந்தவர்களில் முதல்வர் அவர்தான். போப் எட்டாம் அர்பன் வாங்கினார், ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் வாங்கினார். பெயர் பரவியதும் போலிகளும் பரவின. அதனால் தான் விற்கும் ஒவ்வொரு ஓவியத்தையும் ஒரு நோட்டில் சிறிதாக வரைந்து, பின்புறம் யாருக்குப் போனது என்று குறித்துக்கொண்டார். ‘மெய்ந்நூல்’ என்ற பொருளில் லத்தீனில் பெயர் பெற்ற அந்த நோட்டில் கிட்டத்தட்ட இருநூறு படங்கள் உண்டு. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1682 நவம்பரில் ரோமிலேயே காலமானார்.

அவருக்கு மனித உருவம் அவ்வளவாக வராது. அது அவருக்கே தெரியும். நிலத்துக்குத்தான் காசு வாங்குகிறேன், ஆட்களை இனாமாகத் தருகிறேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். இந்தச் சங்கதியை நினைவில் வையுங்கள். தஞ்சைக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அவர் ஓவியங்களில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1646-ல் வரைந்த எண்ணெய் வர்ணப் படம். உயரம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், அகலம் நாற்பத்திரண்டு. சுவரில் மாட்டும் காலண்டரை விடப் பெரிதில்லை. பைபிள் கதைதான் பெயருக்குப் பொருள். ஆபிரகாமின் வீட்டு வேலைக்காரி ஆகார், வயிற்றில் பிள்ளையோடு, எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிவிடுகிறாள். வழியில் ஒரு தேவதூதன் எதிர்ப்பட்டு, திரும்பிப் போ என்கிறான். அழ வேண்டிய கதை. ஆனால் படத்தில் ஆகாரும் தூதனும் அடியில் சின்னதாக நிற்கிறார்கள். ஓரத்தில் கரும்பச்சை மரங்கள் நாடகத் திரை போல் எழும்பிப் பார்வையை உள்ளே தள்ளுகின்றன. நடுவே ஆறு. அதற்கப்பால் மேடும் கட்டடமும் நீலமாகி, நீலமும் கரைந்து பொன்வெளிச்சமாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் துயரம் எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருக்கிறது.

இந்தச் சின்னப் படத்தை ஜார்ஜ் பியூமான்ட் என்ற ஆங்கிலச் சீமான் உயிராக வைத்திருந்தார். பயணம் போனால் வண்டியில் கூடவே எடுத்துப்போவார். கடைசியில் தன் சேகரிப்பை நாட்டுக்கென்று எழுதிக்கொடுத்தவர், இந்த ஒன்றை மட்டும் பிரிந்திருக்க முடியாமல் திருப்பிக் கேட்டு வாங்கி, 1827-ல் சாகும்வரை தன்னிடமே வைத்துக்கொண்டார். இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. கான்ஸ்டபிள் என்ற பெரிய ஆங்கில ஓவியர் இளம் வயதில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாடம் படித்தார்.

பியூமான்ட் ஒருத்தர் மட்டுமில்லை, இங்கிலாந்தே அப்படித்தான் இருந்தது. இத்தாலிக்கு உல்லாசப் பயணம் போன சீமான் வீட்டுப் பிள்ளைகள் கிளாட் படங்களை வாங்கிக் குவித்தார்கள். வீட்டுக்கு வந்து, தோட்டத்தை அந்தப் படம் மாதிரி வெட்டி ஏரியும் மேடுமாக மாற்றினார்கள். அசல் வாங்க வசதியில்லாதவர்களுக்காக, அந்த ‘மெய்ந்நூல்’ முழுவதையும் ரிச்சர்ட் எர்லம் என்பவர் செதுக்க, 1777-ல் அச்சுப் புத்தகமாக வந்துவிட்டது. அப்போது தாமஸ் டேனியல் லண்டனில் இருபத்தெட்டு வயது இளைஞர். கூத்தின் உச்சம், ‘கிளாட் கண்ணாடி’ என்று விற்ற கறுப்பேறிய குவிகண்ணாடி. மலையோ ஏரியோ பார்க்கப் போகிறவர், காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையிலுள்ள கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்ப்பார். கண்ணாடியில் எல்லாம் மங்கிப் பழுத்துக் கிளாட் ஓவியம் மாதிரி தெரியுமாம். கிளாட்டுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவர் அப்படியொன்றைப் பயன்படுத்தியவர் இல்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் நம் காலத்தவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை.

ராயல் அகாடமியின் தலைவர் ரெனால்ட்ஸ், மாணவர்களுக்குச் செய்த 1771-ஆம் ஆண்டுச் சொற்பொழிவில், கிளாட் இயற்கையைக் கண்டபடி வரையவில்லை, பல இடங்களில் எடுத்த நல்ல பகுதிகளைச் சேர்த்துக் கட்டினார், அதனால்தான் அழகு வந்தது என்று பாராட்டிப் பேசினார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பள்ளிக்குள் நுழைந்தவர் நம் கோச்சு வர்ணக்காரர். இந்தியாவுக்கு வந்த முதல் ஆங்கில நிலக்காட்சி ஓவியரான வில்லியம் ஹாட்ஜஸும் இதே மரபு. கிளாட்டை இங்கிலாந்துக்கு ஏற்றபடி மாற்றிய ரிச்சர்ட் வில்சனின் நேரடிச் சீடர் அவர். ஹாட்ஜஸ் 1780-ல் சென்னையில் இறங்கினார். மைசூர் ஹைதர் அலி, கர்நாடகம் என்று அப்போது வழங்கிய ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் படையோடு பாய்ந்ததால் ஊரைவிட்டு வெளியே போக முடியாமல் தவித்து, அடுத்த வருடம் வங்காளத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆகவே தஞ்சைப் பக்கம் வந்தது டேனியல்கள்தான்.

டேனியல்கள் துல்லியத்துக்குப் பேர்போனவர்கள். வடக்கே ஹாட்ஜஸின் படங்களை வைத்துக்கொண்டு அதே இடங்களில் நின்று ஒப்பிட்டு, ஆள் தப்பாக வரைந்துவிட்டார் என்று கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. லென்ஸ் வழியாக வெளிக்காட்சி உள்ளே விழும், தாளில் விழுந்த உருவத்தின் மேலேயே பென்சிலை ஓட்டலாம். கோபுரத்தின் நிலைகள், தூண்களின் அளவு, சிற்பத்தின் அடுக்கு எல்லாம் இப்படித்தான் பிசகாமல் வந்தன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தையும், அங்குள்ள பெரிய நந்தியையும் அவர்கள் எடுத்துப்போன வரைபடங்களிலிருந்துதான் ஐரோப்பா முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது. இதில் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல் விஷயத்தில் இந்தச் சாட்சியை நம்பலாம்.

மண் விஷயத்தில் நம்ப முடியாது. பென்சில் கோடு தஞ்சையில் போட்டது, வர்ணமும் வெளிச்சமும் மரமும் மனிதர்களும் பிற்பாடு மேசையில் சேர்ந்தவை. அங்கேதான் பிரெஞ்சுக்காரர் குறுக்கே வருகிறார். ஓரத்தில் இருண்ட மரம் ஒன்று, அடியில் இளைப்பாறும் நாலு சின்ன உருவங்கள், நடுவில் கட்டடம், தூரத்தில் கரையும் ஒளி. ரோமாபுரிப் பொட்டலில் கண்டெடுத்த அடுக்குமுறை கங்கைக் கரைக்கும் பொருந்தியது, வைகைக் கரைக்கும் பொருந்தியது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-ல் பீரங்கியோடு வந்து தஞ்சைக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போனார். கிளாட் படையில்லாமல் உள்ளே வந்துவிட்டார்.

இந்த அடுக்குமுறைக்கு மேடு பள்ளம் வேண்டும். மலை, அருவி, பாறை, உடைந்த கோட்டை இல்லாவிட்டால் படம் நிற்காது. டேனியல்கள் தெற்கே எதையெதை வரைந்தார்கள் என்று பாருங்கள். ராயக்கோட்டை முதலான பாராமகால் சீமையின் மலைக்கோட்டைகள், பாபநாசம் அருவி, குற்றாலம், திருச்சி மலைக்கோட்டை. கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கும் காவிரிப் படுகைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இங்கே அவர்களுக்கு அகப்பட்டது கோயில் மட்டும். அவர்கள் அச்சிட்ட நூற்று நாற்பத்து நான்கு இந்தியக் காட்சிகளில் நெல்வயலைப் பொருளாகக் கொண்ட படம் ஒன்றும் இல்லை. திருவிடைமருதூரும் அதில் இல்லை. தஞ்சைச் சீமை என்றாலே நெல் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரியும், நவாபுக்குத் தெரியும், ஹைதருக்குத் தெரியும். பல்லக்கின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நிற்க, அதன் நடுவே பயணம் செய்த ஓவியர்களுக்கு மட்டும் அது காட்சியாகத் தெரியவில்லை. வாய்க்கால், மடை, வரப்பு, திடல், தென்னங்கீற்றுக் குடிசை எதுவும் கிளாட்டின் நோட்டில் இல்லாதவை.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் நாடும் நம் படுகை மாதிரியே தட்டை, தண்ணீர், கால்வாய். கிளாட் ரோமில் வரைந்த அதே நூற்றாண்டில் ஹாலந்தில் ரூய்ஸ்டால் போன்றவர்கள் அடிவானத்தைக் கீழே இறக்கி, படத்தில் முக்கால்வாசியை மேகத்துக்குக் கொடுத்து, ஒன்றுமில்லாத சமவெளியையே ஓவியமாக்கினார்கள். அந்தக் கண்ணோடு ஒருத்தர் நாகப்பட்டினத்திலிருந்து கும்பகோணம் வரை மாட்டுவண்டியில் வந்திருந்தால், ஐப்பசி மேகத்தின் கீழ் நடவுவயல் நமக்கு எண்ணெய் வர்ணத்தில் கிடைத்திருக்கும். துணியும் ஏலமும் வாங்க வந்த டச்சுக் கம்பெனிக்கு அது எங்கே தோன்றும்?

நிலம் கிடைக்கவில்லை, மனிதர்களாவது கிடைத்தார்களா? கிடைத்தார்கள், வேறு கைகளில். அதே காலத்தில் தஞ்சையில் ‘மூச்சி’கள் என்று வெள்ளைக்காரர்கள் குறிப்பிட்ட நம்மூர் ஓவியர்கள், துரைமார் கேட்டபடி தாளில் படம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு சாதி, கணவனும் மனைவியும் ஜோடியாக, கையில் தொழில் கருவியோடு. உழுகிறவர், மரமேறுகிறவர், வண்ணார், குயவர், பூக்காரி. உடையின் மடிப்பு வரை துல்லியம். லண்டன் நூலகங்களிலும் மியூசியங்களிலும் இன்று கட்டுக்கட்டாக இருக்கின்றன. அந்தத் தாள்களில் ஆள் பெரிதாக நிற்பார், காலடியில் ஒரு பிடி தரைதான் இருக்கும், பின்னால் வெற்றுவெளி. டேனியல் படத்தில் நிலம் பெரிது, ஆள் இனாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒரு மனிதர் தன் வயலில் நிற்கும் படம் வராது. வயலும் ஆளும் சேர்ந்திருந்தால் அந்த வயல் யாருடையது, விளைச்சல் யாருக்கு என்ற கேள்வியும் வந்துவிடும்.

அந்தக் கேள்விதான் 1792-ல் தஞ்சையில் கொதித்துக்கொண்டிருந்தது. 1781-ல் ஹைதரின் படை சில மாதம் படுகையில் கிடந்து அணையை உடைத்து, மாட்டை ஓட்டி, ஆட்களைப் பிடித்துப் போன நாசத்தை ஊர்க்கிழவர்கள் ‘ஐதர் கலாபம்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அதிலிருந்து எழுந்திருக்கும் முயற்சியாகப் பல ஊர்களைச் சேர்த்து ஒரு ‘பட்டகம்’ ஆக்கி, அதன் பொறுப்பைப் பட்டகதார் ஒருவரிடம் விட்டிருந்தது அரசு. சாகுபடி மீண்டது உண்மை. பட்டகதார்கள் கை ஓங்கியதும் உண்மை. மேலே அமர்சிங்கின் சர்க்கேல், அதாவது தலைமை அதிகாரி, சிவராவ். அவர் வசூல் செய்த விதத்தைப் பற்றிக் கம்பெனிக் காகிதங்களில் புகார்கள் குவிந்தன. கம்பெனி மட்டும் சளைத்ததா? மைசூர்ப் போர் நடந்தபோது தஞ்சை நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் 1792 ஜூலையில் புது உடன்படிக்கை எழுதி, பேஷ்குஷ் என்ற கப்பம், படைச்செலவு, பழைய பாக்கி என்று அடுக்கி, நாட்டை அமர்சிங்கிடம் திருப்பிக் கொடுத்தது. அரண்மனைக்குள்ளே சரபோஜி சரியான படிப்பும் காற்றும் இல்லாமல் அடைந்து கிடப்பதாகச் சுவார்ட்ஸ் பாதிரியார் சென்னைக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1793-ல் அந்தப் பிள்ளையையும் துளஜாவின் விதவைகளையும் சென்னைக்கே கொண்டுபோக நேர்ந்தது.

இத்தனையும் நடக்கும் ஊரில்தான் டேனியல்கள் பெட்டியை வைத்துக் கோபுரத்தைப் பிடித்தார்கள். படத்தில் மாலை வெயில் அடிக்கிறது. ஆகாரின் கண்ணீர் கரைந்த அதே வெயில்.

அவர்கள் 1793 தொடக்கத்தில் சென்னையிலும் ஒரு குலுக்கல் நடத்திச் செலவை ஈடுகட்டி, பம்பாய்ப் பக்கம் குகைக் கோயில்களைப் பார்த்துவிட்டு, 1794 செப்டம்பரில் இங்கிலாந்து சேர்ந்தார்கள். அதன்பின் பதினான்கு வருடம் ஒரே வேலைதான். தாமஸ் எண்ணெய் வர்ணத்தில் பெரிய ஓவியங்களாக எழுதி அகாடமிக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். வில்லியம் அக்வாடின்ட் அச்சில் மூழ்கினார். செப்புத் தகட்டில் குங்கிலியத் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, திராவகத்தில் அரிக்கவிட்டால், தூளின் இடுக்குகளில் பள்ளம் விழுந்து மை தங்கும். நீர்வர்ணம் போன்ற மென்சாயல் கிடைக்கும். இந்த வித்தையை 1760-களில் ஒழுங்கு செய்து பெயர்பெற்றவர் லெ பிரான்ஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர்! தகட்டில் அச்சேறிய படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டினார்கள். 1795-ல் தொடங்கிய ‘ஓரியண்டல் சீனரி’ 1808-ல் முடிந்தது. ஆறு பகுதி, நூற்று நாற்பத்து நான்கு படம். முழுத் தொகுதி இருநூற்றுப் பத்து பவுன்.

தென்னாட்டுக் காட்சிகள் நிறைந்த இரண்டாம் பகுதி வந்தது 1797-98-ல். அந்த 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். ஜூன் மாதம் கம்பெனி அமர்சிங்கை இறக்கிவிட்டுச் சரபோஜியை அரியணையில் ஏற்றியது. தஞ்சைக் கோயில் லண்டன் வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்த அதே காலத்தில், அந்தப் படங்களுக்கான பென்சில் கோடு விழுந்தபோது தஞ்சையை ஆண்டவர், மூட்டையைக் கட்டிக்கொண்டு மத்தியார்ச்சுனம் என்று வடமொழியில் வழங்கும் நம்மூருக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. 1799 அக்டோபர் உடன்படிக்கையில் தஞ்சை நிர்வாகமே கம்பெனிக்குப் போனபோது, அமர்சிங்குக்கு வருடம் 25,000 வராகன் என்று எழுதப்பட்டது. 1802-ல் இங்கேயே அவர் காலம் முடிந்தது.

படங்களின் கதை வேறு. அவை பெருகிக்கொண்டே போயின. குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் என்ற மாளிகையை இந்தியப் பாணியில் கட்டியபோது தாமஸ் டேனியல்தான் யோசனை சொன்னார். அதன் தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் தட்டுகளில் நீல வர்ணத்தில் நம் நாட்டுக் கோயில்கள் ஏறின. எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1807-ல் நடந்தது. பிரான்சில் ஸூபர் என்ற சுவர்த்தாள் தொழிற்சாலைக்காக மாங்ஜேன் என்ற ஓவியர், டேனியல் படங்களை வெட்டி ஒட்டிச் சேர்த்து, ‘இந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓர் அறையின் நாலு சுவரையும் சுற்றி வரும் காட்சியை வடிவமைத்தார். பிரெஞ்சுக்காரரின் அடுக்குமுறை ரோமிலிருந்து லண்டன் போய், இந்தியாவைச் சுற்றி, கடைசியில் பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாப்பாட்டறைச் சுவருக்கே வந்து சேர்ந்தது.

தாமஸ் 1799-லும் வில்லியம் 1822-லும் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார்கள். வில்லியம் அந்தத் தேர்தலில் தோற்கடித்தது கான்ஸ்டபிளை. ஆகார் படத்தைப் பார்த்து வளர்ந்தாரே, அவரேதான். இன்று கான்ஸ்டபிள் பெயர் உலகத்துக்கே தெரியும், டேனியல் பெயரை இந்தியாவில்தான் அதிகம் சொல்கிறார்கள். வில்லியம் 1837-ல் போய்விட்டார். கல்யாணமே செய்துகொள்ளாத சித்தப்பா தாமஸ் தொண்ணூறு தாண்டி 1840 வரை இருந்தார். அவர்களுடைய எண்ணெய் வர்ண ஓவியங்களைப் பார்க்க லண்டன் போகத் தேவையில்லை. கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் பெரிய சேகரிப்பு இருக்கிறது.

தஞ்சையிலேயே ஒரு பிரெஞ்சு ஓவியரின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் சரஸ்வதி மகாலுக்குப் போகலாம். பதினான்காம் லூயி மன்னரின் தலைமை ஓவியர் ஷார்ல் லெ பிரன் மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களின் அச்சு அங்கே காட்சிக்கு இருக்கிறது. ஆட்டு மூக்கு மனிதரும் ஆந்தை விழி மனிதரும் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. சரபோஜி ஐரோப்பாவிலிருந்து புத்தகமும் படமுமாக வரவழைத்துக்கொண்டே இருந்த மன்னர். ஆட்சி அதிகாரம் கோட்டைக்குள் சுருங்கிவிட்டது, ஆசை சுருங்கவில்லை.

தோற்றுப்போன கிளையின் திருவிடைமருதூர் அரண்மனை அப்படி உலகத்தை வரவழைக்கவில்லை. அது பாட்டை வளர்த்தது. நந்தனார் சரித்திரம் எழுதப்போகும் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்துஸ்தானி சங்கீதம் கேட்டதும் கற்றதும் இந்த அரண்மனையை ஒட்டித்தான். படம் என்று பார்த்தால், அமர்சிங் வழிவந்த பிரதாபசிம்மனை மணக்க வேண்டி லட்சதீபம் ஏற்றிய அம்மணி என்ற பெண், 1853-ல் தன் உருவத்தையே பாவை விளக்காக வார்த்து மகாலிங்கசுவாமி கோயிலில் வைத்தாள். பீடத்தில் கல்வெட்டு மாதிரியே தன் வேண்டுதலைப் பொறித்தும் வைத்தாள். பாரதியாருக்கும் அம்மணிக்கும் தனித்தனி இதழ் ஒதுக்கியிருக்கிறேன், இப்போது தொடவில்லை.

அடுத்த இதழில் 1798 ஜூன் மாதத்துத் தஞ்சைக் கோட்டைக்குள் போவோம். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிடைமருதூரில் பழுதடைந்து நிற்கும் இந்த அரண்மனையை டேனியல்கள் வரையவில்லை, வேறு வெள்ளைக்கார ஓவியர் படமும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இந்த ஊர்க் குடும்பங்களில் கல்யாணத்துக்கும் தைப்பூசத் தேருக்கும் எடுத்த பழைய புகைப்படங்கள் பெட்டிகளில் கிடக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால், தேர்வடத்துக்குப் பின்னால், அரண்மனையின் மாடமோ மதிலோ விழுந்திருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் படத்தைத் தர வேண்டாம், ஒரு நகல் எடுத்து, எடுத்த வருடத்தையும் எந்தத் தெருப்பக்கம் நின்று எடுத்தது என்பதையும் பின்னால் எழுதி, ஆசிரியர் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.